பசி என்னும் அளவுகோல்

உழைத்து வந்தவனுக்கு உணவு இனிக்கும் என்பது பழங்காலந்தொட்டு மக்கள் அறிந்த உண்மை. கதிரறுத்துக் களைத்தவன் கையில் பழைய சோறும் ஒரு வெங்காயமும் கிடைத்தால் போதும். அவன் அதனை விருந்தாகக் கருதி உண்பான். திண்ணையில் சாய்ந்து பொழுதைக் கழித்தவனுக்கோ, தலைவாழை இலையில் பல கறிகளைப் படைத்தாலும் ஏதேனும் ஒரு குறை தோன்றும். பசி ருசி அறியாது என்னும் பழமொழி இக்கருத்தையே சுட்டுகிறது.

ஆயினும், இந்த எளிய உண்மையிலிருந்து மக்கள் மூன்று தவறான முடிவுகளுக்கு வந்துவிடுகின்றனர். முதலாவது, பெற்றோர் சிலரின் முடிவு. பையன் பந்தாடப் போனால் பசி மிகும். பசி மிகுந்தால் பானையில் உள்ள சோறு போதாது. ஆதலால் விளையாட்டு வேண்டா என்று அவர்கள் கருதுகின்றனர். இரண்டாவது, விளையாடும் இளைஞனின் முடிவு. காலையில் இரண்டு கல் தொலைவு ஓடியாயிற்று. இனி எதை உண்டாலும் கரைந்துவிடும் என்று அவன் எண்ணுகிறான். மூன்றாவது, விளையாடாத இளைஞனின் முடிவு. உடலை வருத்தாமல் உட்கார்ந்திருப்பதால் பசியும் குறைவாகவே இருக்கும். பசி குறைந்தால் உணவும் தானே குறையும் என்று அவன் நம்புகிறான்.

இம்மூன்றும் பிழையே. அவற்றுள் மிகுந்த தீங்கு விளைவிப்பது மூன்றாவது நம்பிக்கை. உடல் அசையாதிருந்தால் பசியும் அதற்கேற்ப அடங்கிவிடும் என்பது இயற்கையின் விதி அன்று. பசி ஓர் அளவுகோல். நாள்தோறும் இயங்கும் உடலில் அந்த அளவுகோல் பெரும்பாலும் நேராக நிற்கும். இயக்கமின்றி முடங்கிய உடலில் அது வளைந்துவிடும். வளைந்த கோலால் நிலத்தை அளந்தால் கணக்குப் பிழைப்பது போல, வளைந்த பசியால் உணவை அளந்தால் உடல்நலம் பிழைக்கும்.

இதனை எண்ணிப் பார்ப்பதற்கு ஏற்ற ஊர் ஒன்று கடலூர் மாவட்டத்தில் உள்ளது. மேல்பட்டாம்பாக்கம் என்பது அதன் பெயர். தென்பெண்ணை, கெடிலம் ஆகிய இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட வளமான பகுதியில், நெல்லிக்குப்பத்திற்கு அருகே, விழுப்புரத்திலிருந்து கடலூருக்குச் செல்லும் இருப்புப்பாதையின்மேல் அவ்வூர் அமைந்திருக்கிறது. சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் நிலங்கள். பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு புகழ்பெற்ற நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலை. தென்மேற்கே பழுப்பு நிலக்கரி எடுக்கும் நெய்வேலி. வயலும் ஆலையும் சுரங்கமும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருப்பதால், அப்பகுதியில் எல்லா வகை உழைப்பையும் காணலாம்.

விடியுமுன் எழுந்து கரும்புத் தோட்டத்திற்குச் செல்பவனைப் பாருங்கள். அவன் குனிந்து அடிக்கரும்பை வெட்டுகிறான். நிமிர்ந்து தோகையைக் கழிக்கிறான். கட்டுக் கட்டித் தலைமேல் சுமந்து வண்டியில் ஏற்றுகிறான். குனிதலும் நிமிர்தலும் சுமத்தலுமாகவே அவன் பகற்பொழுது கழிகிறது. அவனுடைய தம்பியோ, போட்டித் தேர்வுக்குப் படிப்பதற்காக விடியல் முதல் இரவு வரை நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். அவர்களுடைய உறவினன் ஒருவன் பொறியின் அறைக்குள் அமர்ந்து, விசைகளைக் கையால் அசைத்தே மலை போன்ற மண்ணைப் புரட்டுகிறான். மூவரும் ஒரே வயதினர். ஒரே வகைச் சோற்றை உண்பவர். பெரும்பாலும் ஒரே அளவாகவும் உண்பவர். மூவர் உடலும் செலவிடும் ஆற்றலோ வெவ்வேறு. மூன்று வேறு செலவுகளுக்கு ஒரே வரவு எவ்வாறு பொருந்தும்? இதுவே ஆராய வேண்டிய வினா.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், இந்தியாவின் மற்றொரு தொழிலிடத்தைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. மேற்கு வங்காளத்தில், கல்கத்தாவிற்கு அருகில், ஹூக்ளி ஆற்றை அடுத்த ஒரு சணல் ஆலையில் அது நடந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உணவியல் அறிஞராக விளங்கிய ழான் மேயர் என்பவர், ராய், மித்ரா என்னும் இந்திய ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து, அந்த ஆலையைச் சார்ந்த 213 ஆடவரின் உணவையும் எடையையும் வேலையையும் கணக்கிட்டார். ஆலை எல்லைக்குள் கடை வைத்து நாள் முழுதும் உட்கார்ந்திருந்தோர், மேற்பார்வையாளர், எழுத்தர், பொறி பழுது பார்ப்போர், தறி ஓட்டுவோர், உலைக்குக் கரி அள்ளிப் போடுவோர், மூட்டை சுமப்போர் எனப் பல தரத்தினரும் அக்கணக்கில் இடம்பெற்றனர்.

அவர் கண்ட முடிவு வியப்பைத் தந்தது. இலகுவான வேலை முதல் கடினமான வேலை வரை நோக்கியபோது, வேலை மிக மிக உணவும் மிகுந்தது. எடையோ ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது. அஃதாவது, உழைப்பாளியின் பசி அவனுடைய செலவை அறிந்து வரவைக் கேட்டது. இதுவரை எவரும் எதிர்பார்ப்பதே. ஆனால், வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்த கடைக்காரரிடம் கணக்கு மாறியது. அவர்களே மிகக் குறைவாக உண்டிருக்க வேண்டும். அவர்களோ இலகுவான வேலை செய்தவர்களைவிடக் கூடுதலாக உண்டனர். அவர்களுடைய உடல் எடையும் மற்றவர்களைவிட மிகுதியாக இருந்தது. உழைப்பு ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இறங்கியவுடன், பசி உழைப்போடு சேர்ந்து இறங்க மறுத்துவிட்டது.

ஒரே காலத்தில் பல தொழிலினரை ஒப்பிட்டுச் செய்த ஆராய்ச்சி ஆதலால், இதனைக்கொண்டு மட்டும் எல்லாவற்றையும் முடிவு கட்டிவிட இயலாது. கடைக்காரரின் வருவாயும் வழக்கமும் வயதும் கூட அவர்களுடைய உணவைக் கூட்டியிருக்கலாம். இந்த ஐயத்தை ஒதுக்கிவிடுவது முறையன்று. ஆனால் இக்கருத்திற்கு வேறு சான்றுகளும் உள்ளன. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1954இல், மேயரும் அவருடைய துணைவரும் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்திருந்தனர். உருளும் பட்டையின்மேல் எலிகளை நாள்தோறும் வெவ்வேறு நேரம் ஓடச் செய்தனர். நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு உட்பட்டு ஓடிய எலிகள், சும்மா இருந்த எலிகளைவிட அதிகமாக உண்ணவில்லை, சற்றுக் குறைவாகவே உண்டன, எடையும் குறைந்தது. அதற்கு மேற்பட்டுப் பல மணி நேரம் ஓடியவை, ஓட்டத்திற்கு ஏற்ப உணவைக் கூட்டி எடையைக் காத்துக்கொண்டன. ஆற்றலுக்கு மிஞ்சி ஓடச் செய்யப்பட்ட எலிகளோ களைத்து, உணவும் குறைந்து, உடலும் மெலிந்தன. சோம்பல், உழைப்பு, மிகையுழைப்பு என்னும் மூன்று நிலைகளில் நடுநிலை ஒன்றில்தான் பசி நடுவுநிலை தவறாத நீதிபதியாக விளங்கியது.

எலிக்கும் மனிதனுக்கும் வேறுபாடு உண்டு. எலிக்கு மணி அடித்தவுடன் உண்ணும் வழக்கம் இல்லை. விருந்தினரை மகிழ்விப்பதற்காக இரண்டாம் முறை சோறு வாங்கும் பண்பும் இல்லை. ஆதலால் இளைஞர்களையே நேரே ஆராய்ந்தோரும் உண்டு. எட்ஹோம் என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் பிரிட்டனில் படைப்பயிற்சி பெற்றுவந்த 12 இளைஞர்களை இரண்டு வாரம் இடைவிடாது கவனித்து, 1955இல் தம் முடிவை வெளியிட்டனர். ஒவ்வோர் இளைஞனும் உண்டதும் அளக்கப்பட்டது. உழைப்பில் செலவிட்டதும் கணக்கிடப்பட்டது. கடுமையாக உழைத்த நாளன்றே அவர்கள் மிகுதியாக உண்டார்களா? இல்லை. அன்றைய செலவுக்கும் அன்றைய உணவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. இரண்டு நாள் கழித்தே உணவு கூடியது போலத் தோன்றியது. பின்வந்த ஆராய்ச்சிகளில் இந்த இரண்டு நாள் இடைவெளி எப்போதும் காணப்படவில்லை என்றாலும், ஓர் உண்மை நிலைத்து நின்றது. உடல் அன்றாடம் கணக்கு முடிக்கும் சில்லறை வணிகன் அன்று. பல நாள் வரவு செலவைச் சேர்த்துப் பார்க்கும் பெருவணிகன். இன்று ஓடியதற்கு இன்றே ஈடு செய்ய வேண்டும் என்று இலையில் சோற்றைக் குவிப்பவன், உடல் கேளாத கடனைத் தானே வலிந்து திருப்பித் தருகிறான்.

உடலின் உள்ளே நடப்பது என்ன என்பதையும் அறிந்துகொள்வது நன்று. மூளையின் அடிப்பகுதியில் பசியையும் நிறைவையும் ஆளும் சிறு பகுதி ஒன்று உள்ளது. அதற்கு உடலின் பல உறுப்புகளும் இரத்தத்தின் வழியே செய்தி அனுப்பிய வண்ணம் இருக்கின்றன. கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்னும் சுரப்பு புறப்பட்டு, சேமிப்பு இவ்வளவு உள்ளது என்று அறிவிக்கிறது. இது 1994இல் கண்டறியப்பட்டது. வெறும் வயிற்றிலிருந்து கிரெலின் என்னும் சுரப்பு புறப்பட்டு, உணவு வேண்டும் என்று முறையிடுகிறது. இதனை ஜப்பானிய அறிஞர் 1999இல் கண்டனர். உணவு குடலை அடைந்ததும் வேறு சில சுரப்புகள் எழுந்து, போதும் என்று தடுக்கின்றன.

இளைஞன் ஒருவன் வேகமாக ஓடும்போது இச்செய்திகள் மாறுகின்றன. பசியைத் தூண்டும் கிரெலின் குறைகிறது. நிறைவைத் தரும் சுரப்புகள் கூடுகின்றன. இரத்தமும் வயிற்றை விட்டுத் தசைகளை நோக்கிப் பாய்கிறது. ஆகவேதான் கடுமையாக ஓடி முடித்தவன் முன்னே உடனே சோற்றை வைத்தால், தண்ணீர் கொடுங்கள், சோறு பிறகு ஆகட்டும் என்கிறான். இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தார் இளைஞர்களைக் கொண்டு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ஆராய்ச்சிகள் இதனை விளக்கின. ஓட்டத்தின்போதும் அதனை அடுத்தும் பசி தணிந்திருந்தது. சிறிது நேரத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் ஓட்டத்தில் செலவிட்ட ஆற்றல் முழுவதையும் அந்த இளைஞர்கள் அன்றைய உணவில் திரும்பப் பெற்றுவிடவில்லை. ஓடினால் பானை காலியாகும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இதைவிட ஆறுதலான விடை வேறு இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் பந்தாடும் பையன் வீட்டின் அரிசியைத் தின்று தீர்த்துவிட மாட்டான்.

பயிற்சியின் இடமும் காலமும் கூடப் பசியை மாற்றும். சித்திரை வெயிலில் உழைப்பவனுக்குத் தாகம் மிகும், சோறு பிடிக்காது. குளிர்ந்த நீரில் நீந்தி வருபவனுக்கோ பசி கொழுந்துவிட்டு எரியும். அமெரிக்காவின் புளோரிடாவில் 2005இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், குளிர்ந்த நீரில் பயிற்சி செய்த ஆடவர், வெதுவெதுப்பான நீரில் அதே பயிற்சியைச் செய்தபோது உண்டதைவிட மிகுதியாக உண்டனர். ஆகவே ஆற்றிலும் கிணற்றிலும் நீந்தி வீடு திரும்பும் இளைஞன், தன் பசியின் ஒரு பங்கு தண்ணீரின் குளிர்ச்சியால் வந்தது என்பதை உணர்ந்து, சற்றுப் பொறுத்து உண்பது நலம்.

இவ்வளவும் ஒரு வேளைப் பயிற்சியின் விளைவு. நாள்தோறும் பயிற்சி செய்வதால் வரும் பயனோ இதனினும் பெரிது. இங்கிலாந்தில் நடந்து 2002இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு நல்ல சான்று. பயிற்சிப் பழக்கம் உள்ள ஆடவர்க்கும் இல்லாத ஆடவர்க்கும் சாப்பாட்டிற்கு முன் ஒரு சிற்றுணவு தரப்பட்டது. ஒரு நாள் அது ஆற்றல் மிகுந்ததாகவும், மற்றொரு நாள் ஆற்றல் குறைந்ததாகவும் இருந்தது. பயிற்சியுடையோர், ஆற்றல் மிகுந்த சிற்றுணவை உண்ட நாளில் சாப்பாட்டைத் தாமே குறைத்துக்கொண்டனர். பயிற்சியில்லாதோர் இரண்டு நாளும் ஏறத்தாழ ஒரே அளவாகவே உண்டனர். முன்னே வந்த வரவை முன்னவரின் உடல் குறித்துக்கொண்டது. பின்னவரின் உடல் குறித்துக்கொள்ளவில்லை. பயிற்சி பசியைக் கூட்டுவது அன்று, குறைப்பதும் அன்று. பசிக்குக் கண் தருவது என்று இதனால் கூறலாம். முன்னுண்டது செரித்ததை உணர்ந்து, உடலுக்கு வேண்டும் அளவை அறிந்து உண்ணுமாறு திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். அந்த அளவை அறியும் திறன் எல்லாருக்கும் பிறவியிலேயே ஓரளவு அமைந்துள்ளது; பயன்படுத்தாத கத்தி துருப்பிடிப்பது போல, இயங்காத உடலில் அத்திறன் மழுங்கிப் போகிறது.

இக்காலத்தில் இது வெறும் ஏட்டுச் செய்தியாக நின்றுவிடவில்லை. நெய்வேலியில் சுரங்கம் தொடங்கியபோதே, மனிதன் மண்வெட்டியால் பல நாள் செய்யும் வேலையைச் சக்கர வடிவான பெரிய அகழ்பொறிகள் சிறு பொழுதில் செய்து முடித்தன. இது போற்றத்தக்க முன்னேற்றமே. மனிதன் முதுகை ஒடிக்கும் சுமையைப் பொறியின்மேல் ஏற்றுவது அறிவுடைமையாகும். ஆனால் சுமையை இறக்கிவைத்த மனிதன், சுமந்த காலத்து உணவை மட்டும் இறக்கிவைப்பதில்லை. தந்தை வயலில் உழைத்து மூன்று வேளையும் வயிறார உண்டார். மகன் நாற்காலியில் அமர்ந்து அதே அளவு உண்கிறான். நடந்து சென்ற தொலைவை வண்டியில் கடக்கிறான். மாலையில் விளையாடிய நேரத்தைக் கைப்பேசியின் முன் கழிக்கிறான். பசி அவனைத் தடுப்பதில்லை. அசையாத உடலில் பசி தடுக்கும் ஆற்றலை இழந்துவிட்டது என்பதை அவன் அறியான். வயிறு முதலில் பருக்கிறது. ஆண்டுகள் சில கழிந்தபின் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் வந்து கதவைத் தட்டுகின்றன.

மற்றொரு புறத்தையும் மறந்துவிடலாகாது. உட்கார்ந்திருப்பவன் மிகையாக உண்பது ஒரு கேடு என்றால், உழைப்பவன் போதாமல் உண்பது அதனினும் கொடிய கேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய உணவூட்ட நிறுவனமும் 2020இல் வகுத்த அளவின்படி, 65 கிலோ எடையுள்ள ஆடவன் உட்கார்ந்து வேலை செய்பவனாயின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2110 கலோரி போதும். நடுத்தர உழைப்பாளிக்கு 2710 வேண்டும். கடின உழைப்பாளிக்கு 3470 வேண்டும். முதலாமவனுக்கும் மூன்றாமவனுக்கும் உள்ள வேறுபாடு 1360 கலோரி. இது ஏறத்தாழ 400 கிராம் அரிசிக்குச் சமம். நாற்காலியில் இருக்கும் தம்பிக்கும் கரும்பு வெட்டும் அண்ணனுக்கும் ஒரே அகப்பையால் அளந்து போட்டால், ஒருவன் வயிற்றில் மிகுவது மற்றவன் வயிற்றில் குறைகிறது. சமமாகப் பங்கிடுவது எப்போதும் நீதி ஆகாது. செலவுக்கேற்பப் பங்கிடுவதே நீதி.

இத்தகைய அளவுகளை வகுக்கும் தேசிய உணவூட்ட நிறுவனத்தின் தொடக்கம் தமிழ்நாட்டில் என்பது பலரும் அறியாத செய்தி. 1918இல் குன்னூரில், ஒரே ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் தொடங்கிய ஆராய்ச்சியே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று அந்நிறுவனமாக விளங்குகிறது. எந்த உணவில் எவ்வளவு சத்து உள்ளது, எவருக்கு எவ்வளவு வேண்டும் என்னும் கணக்குகள் இந்நாட்டு மக்களுக்காக அங்கே தொடங்கின.

உழைப்புக்கேற்ற உணவு கிடைக்காதபோது உடல் என்ன செய்யும்? அது செலவைச் சுருக்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். போரில் உணவின்றி வாடிய மக்களை மீட்கும் வழியை அறிவதற்காக, அந்த இளைஞர்கள் தாமே முன்வந்து 24 வாரம் அரைகுறை உணவில் வாழ்ந்தனர். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். அதனோடு, நடையும் பேச்சும் தளர்ந்து, வேண்டாத அசைவையெல்லாம் விட்டுவிட்டு, சோர்ந்து ஒதுங்கியிருந்தனர். நினைவெல்லாம் உணவைப் பற்றியதாகவே இருந்தது. இதனை அறிந்தோர், பசித்த தொழிலாளி மெல்ல வேலை செய்வதைக் கண்டு சோம்பேறி என்று ஏசமாட்டார். வகுப்பில் தலை கவிழ்ந்து இருக்கும் மாணவனைக் கண்டு மந்தன் என்றும் இகழமாட்டார். முதலில் அவன் காலையில் என்ன உண்டான் என்று கேட்பார்.

சென்னை மாநிலத்துப் பள்ளிகளில் 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய பகலுணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிந்த சத்துணவுத் திட்டமும் இவ்வுண்மையின்மேல் எழுந்தவையே. வயிற்றில் சோறில்லாத பிள்ளையை ஆடுகளத்தில் ஓடச் சொல்வது அறமாகாது. அதுபோலவே, சோறிட்ட பிள்ளையை ஆடுகளத்திற்கு அனுப்பாமல் நாள் முழுதும் பெஞ்சியில் உட்கார வைப்பதும் அறமாகாது. தேர்வு நெருங்கியவுடன் விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்திற்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஒரு பாடம் கூடுதலாக நடந்தது என்று மகிழ்வோர், ஒரு நல்ல பழக்கம் குறைந்தது என்பதை எண்ணுவதில்லை. அந்தப் பிள்ளை பிற்காலத்தில் எவ்வளவு உண்ண வேண்டும் என்று தன் உடலே தனக்குக் கூறும் கல்வியை, அந்த ஆடுகளத்தில்தான் கற்க முடியும்.

இனி, இரண்டாவது முடிவுக்கு விடை காண்போரும் கணக்கை அறிதல் வேண்டும். 60 கிலோ எடையுள்ள இளைஞன் ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் ஏறத்தாழ 250 கலோரி செலவாகும். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி உள்ளது. எனவே ஒரு மணி நேர நடையின் பயன் முழுவதும் 28 கிராம் எண்ணெயில் அடங்கிவிடும். நடந்து முடித்துத் திரும்பும் வழியில் எண்ணெயில் மிதக்கும் பரோட்டாவையோ பலகாரத்தையோ உண்டு, அதன்மேல் சர்க்கரை மிகுந்த குளிர்பானத்தையும் குடித்தால், நடந்தது காலுக்கு மட்டுமே பயன் தரும். இங்கே அவனை உண்ணச் செய்வது பசி அன்று; உழைத்தேன், எனக்குப் பரிசு வேண்டும் என்னும் எண்ணமே. பசி கேட்பதையும் நாக்கு கேட்பதையும் பிரித்து அறிவதற்குச் சிறிது பொறுமை வேண்டும். பயிற்சி முடிந்ததும் முதலில் தண்ணீரோ நீர்மோரோ பருகி, குளித்து, அரை மணி நேரம் கழித்து இலைமுன் அமர்ந்தால், உண்மையான பசி எது என்பது தானே விளங்கும். அப்போது சோற்றோடு பருப்பும் கீரையும் முட்டையும் மீனும் கடலையும் தத்தம் வசதிக்கேற்பச் சேர்த்து உண்பவனுக்குச் செலவான தசையும் திரும்ப வளரும்.

எல்லாருடைய உடலும் ஒரே தன்மையது அன்று என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. ஒரே பயிற்சியைச் செய்யும் இருவரில் ஒருவன் சற்றுக் கூடுதலாக உண்ணலாம், மற்றொருவன் உண்ணாதிருக்கலாம். மாதக்கணக்கில் பயிற்சி தொடரும்போது, செலவான ஆற்றலில் ஒரு பகுதியை உடல் உணவின் வழியாகத் திரும்பக் கேட்பதும் உண்டு. ஆகவே எடை குறைவதற்கு மட்டுமே ஓடுபவன் சில வாரங்களில் ஏமாற்றம் அடைந்து ஓட்டத்தை நிறுத்திவிடலாம். அவ்வாறு நிறுத்துவது பேதைமை. எடைக்கல் அசையாவிட்டாலும் இதயம் வலுப்பெறுகிறது, உறக்கம் ஆழ்கிறது, பசியின் கோல் நேராகிறது. இவை தராசில் நிற்காத செல்வங்கள்.

மேல்பட்டாம்பாக்கத்தைப் போன்ற ஊர்களுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. அங்கே நடப்பதற்கு வயல்வரப்பும் ஆற்றங்கரையும் உள்ளன. கபடி ஆடுவதற்குச் சிறிது மண்தரை போதும். பணம் கொடுத்துச் சேர வேண்டிய பயிற்சிக்கூடம் தேவையில்லை. கரும்பு வெட்டும் அண்ணன் நிறைய உண்ணட்டும். அவனுடைய பசி உண்மை பேசுகிறது. அதற்கேற்ற கூலியும் உணவும் அவனுக்குக் கிடைப்பதைச் சமுதாயம் உறுதி செய்யட்டும். படிக்கும் தம்பி நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் புத்தகத்தை மூடிவைத்து ஓடியாடட்டும். பிறகு அவனுடைய பசியும் உண்மை பேசத் தொடங்கும். பொறியை இயக்குபவன் வேலை முடிந்ததும் கால்நடையாகச் சிறிது தொலைவு செல்லட்டும்; பொறி எடுத்துக்கொண்ட உழைப்பில் ஒரு பகுதியை உடலுக்குத் திருப்பித் தரட்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பர். அளவு எது என்று கேட்பவனுக்கு நூல்கள் பல கணக்குகளைக் கூறும். ஆனால் ஒவ்வொரு வேளையும் கணக்கேட்டைப் புரட்டிக்கொண்டு எவரும் உண்ண இயலாது. இயற்கை ஒவ்வொருவன் உடலுள்ளும் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. அதனை நேராக வைத்துக்கொள்ளும் பொறுப்பு இளமையிலேயே தொடங்குகிறது.